ஆட்குறைப்பு

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி போட்டதும், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் வட்டாரப் பேச்சில் ‘லே-ஆஃப்’ மறுபடி அடிபட்டது. அதை ஆட்குறைப்பு என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆட்குறைப்பு நல்ல சொல்தான், கொஞ்சம் கொடூரமானதும்கூட. ‘ஆள்’ வினையானால் அரசாளும், பெயரானால் அடிமை. சுந்தரரை மணப்பந்தலில் மடக்க முதியவர் நீட்டியது ஆளோலை, அதாவது அடிமைச் சீட்டு. ‘குறை’ இன்று பற்றாக்குறை, மனக்குறை. சங்கப் பாட்டிலோ வெட்டிய இறைச்சித் துண்டு. குறைத்தல் என்றாலே அன்று வெட்டுதல். ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் தோல் வெட்டுகிறவரையே வெட்டிவிடும் சொல் இது. லே-ஆஃப் அப்படியல்ல. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, மூலப்பொருள் இல்லாமலோ சரக்கு தேங்கியோ வேலை தர முடியாத இடைக்காலம் அது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். ‘இடைநீக்கம்’ எனலாமா? அதில் குற்றவாடை வீசுகிறது. ‘வேலையில்லா விடுப்பு’ சற்று நீளம், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. எந்தச் சொல் என்பதில் பணமும் இருக்கிறது: அந்தச் சட்டப்படி தகுதியுள்ளவருக்கு லே-ஆஃப் நாள்களில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி, ஆட்குறைப்பென்றால் உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், அதோடு கணக்கு முடிந்தது.