இயக்குநீர்

சிங்கப்பூரின் தேக்கா மருந்தகங்களில் 'ஹார்மோன்' என்றால்தான் புரியும். 'இயக்குநீர்' பாடநூலோடு நின்றுவிட்டது. பொருளில் இரண்டும் ஒன்றே. 1905-இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அறிமுகப்படுத்திய 'ஹார்மோன்', தூண்டி இயக்குதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. தமிழில் 'இயங்கு' தன்வினை, 'இயக்கு' பிறவினை. இயக்கு + நீர் வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

'இயக்கு' என்ற சொல்லின் பொருத்தம் நினைவாற்றலில் துலங்கும். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால், மூளையில் நினைவுக்குரிய பகுதியான ஹிப்போகேம்பஸின் செல்களுக்குள் புகுந்து ஏற்பிப் புரதத்தைப் பற்றுகிறது. இரண்டும் உட்கருவுக்குள் சென்று சில மரபணுக்களை முடுக்குகின்றன, சிலவற்றை அடக்குகின்றன. நீண்டகால நினைவு நிலைக்கப் புதிய புரதங்கள் தேவை. அவற்றுக்கான கட்டளை மரபணுவிலிருந்தே வருகிறது. அளவோடு சுரந்தால் நினைவு பதியும். மாதக்கணக்கில் மிகுந்தால் மறதி வரும். தேர்வுக்காலப் பெற்றோர் இதை அறிவது நல்லது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சஜிகுமார் ஸ்ரீதரன் குழு நினைவுக்கான மரபணுக் கட்டுப்பாட்டை ஆராய்கிறது. டி.என்.ஏ. சுற்றிய ஹிஸ்டோன் புரதத்தில் குறியிட்டு மரபணுக்களை அடக்கும் ஜி9ஏ நொதியைத் தடுத்தபோது, எலி மூளைத் துண்டுகளில் நரம்பிணைப்புகள் நீடித்து வலுப்பெற்றன.

'நீர்' என்ற பாதி எனக்கு முழு நிறைவு தரவில்லை. கார்ட்டிசால் நீர்மமன்று, இரத்தத்தில் செல்லும் மூலக்கூறு. ஆனாலும் 'இயக்கு' என்ற பாதிக்காகவே இச்சொல் வாழ வேண்டும். சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களே, வகுப்பில் இதைப் பேச்சுச் சொல்லாக்குங்கள்.