கடாரம் வென்ற சோழன்: உங்கள் போனுக்கு வரும் படங்களில் எது உண்மை?

அந்தப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். கொந்தளிக்கும் கடல், வரிசையாகப் பாய்மரக் கப்பல்கள், முன்னால் வரும் கப்பலின் முகப்பில் வாளோடு ஒரு மன்னர், அவருக்குப் பின்னால் பாயும் புலி போட்ட கொடி. கீழே "ராஜேந்திர சோழன், கடாரம், கி.பி. 1025" என்று இருக்கும். காலையில் பெரியப்பா குடும்ப வாட்சப் குழுவில் போடுவார். சாயங்காலம் அதே படம் இசை சேர்த்து டிக்டாக்கில் வரும். அந்தக் கடற்படையெடுப்பின் 1,000-ஆவது ஆண்டையொட்டி 2025 ஜூலை 27-ஆம் தேதி இந்தியப் பிரதமர் கங்கைகொண்ட சோழபுரத்தில் நினைவு நாணயம் வெளியிட்டார். அந்தச் சமயத்தில் இந்த மாதிரிப் படங்கள் மறுபடியும் ஒரு சுற்று வந்தன.

கடாரம் என்பது நம் கெடா என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். புக்கிட் மெர்தாஜாமில் இருந்து வடக்கே சுங்கைப் பட்டாணி தாண்டிப் போனால், பழைய கோயில்களின் அடித்தளங்கள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு. ஆகவே பினாங்கு, கெடா தமிழர்களுக்கு இது எங்கோ நடந்த கதை இல்லை. பள்ளியில், அலுவலகத்தில் யாராவது "இதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

நேரடியாகவே சொல்லிவிடலாம். அந்தப் படையெடுப்பைக் காட்டும், அதே காலத்தில் வரையப்பட்ட அல்லது செதுக்கப்பட்ட படம் எதுவும் நம்மிடம் இல்லை. படையெடுப்பு நடந்ததற்குச் சான்று இருக்கிறது. ஆனால் அது எழுத்து.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

தஞ்சைப் பெரிய கோயிலில் சுமார் 1030-இல் பொறிக்கப்பட்ட ராஜேந்திரனின் மெய்க்கீர்த்திதான் முக்கியச் சான்று. மெய்க்கீர்த்தி என்றால் கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளைப் புகழ்ந்து சொல்லும் பகுதி. கடல் கடந்து கப்பல்களை அனுப்பி 13 இடங்களைத் தாக்கியதாக அது சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார் தீவுகள். இலாமுரி சுமத்ராவின் வடமுனை. கடாரத்தின் மன்னன் பெயரும் வருகிறது: சங்கிராம விஜயோத்துங்கவர்மன். அவனுடைய யானைகளையும், வித்தியாதர தோரணம் என்ற நகர வாயிலையும், மணிகள் பதித்த கதவையும் கைப்பற்றியதாகச் செய்தி.

கவனியுங்கள், எத்தனை கப்பல், எத்தனை வீரர்கள், கப்பல் எப்படி இருந்தது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. "ஆயிரம் கப்பல்", "லட்சம் வீரர்" என்று வரும் கணக்கெல்லாம் நம் ஆட்கள் போட்டது.

அதோடு, இது வென்றவர் தரப்பு எழுத்து. அதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்புதான் கடாரத்து அரசர் ஒருவர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்ற பௌத்த விகாரையைக் கட்டத் தொடங்கினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தவர் ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன். லைடன் செப்பேடுகள் என்று சொல்கிறார்களே, அவை இந்தக் கொடையின் பத்திரம்தான். ஒரு தலைமுறைக்குள் நட்பு போராக மாறியது ஏன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. சீனாவோடு நடந்த வணிகத்தில் ஏற்பட்ட போட்டி என்பது பலர் சொல்லும் காரணம். 1015-இல் சோழத் தூதர்கள் சீன அரசவைக்குப் போனதற்குச் சீனப் பதிவு இருக்கிறது.

மன்னரின் முகமாவது தெரியுமா?

"இதுதான் ராஜேந்திரனின் நிஜமான உருவம்" என்று அதிகம் பகிரப்படுவது கங்கைகொண்ட சோழபுரம் கோயில் சுவரில் உள்ள ஒரு சிற்பம். பார்வதியோடு அமர்ந்திருக்கும் சிவன், காலடியில் கைகூப்பி இருப்பவரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். உண்மையில் அது சண்டேசருக்கு அருள் செய்யும் காட்சி. சண்டேசர் 63 நாயன்மார்களில் ஒருவர். அந்த உருவத்தில் ராஜேந்திரனையும் சிற்பி மறைமுகமாகக் காட்டியிருக்கலாம் என்று சில கலை வரலாற்று அறிஞர்கள் சொன்னார்கள். அழகான யோசனைதான். ஆனால் சிலையின் கீழ் பெயர் இல்லை, "இருக்கலாம்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் பகிர்ந்தால் அது வேறு செய்தி.

தஞ்சைக் கோயில் ஓவியங்களும் இதே கதைதான். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் முன்னும் பின்னுமாக நிற்கும் இருவரை ராஜராஜன், கருவூர்த்தேவர் என்று புத்தகங்கள் அச்சடித்தன. அங்கேயும் பெயர்ப் பலகை இல்லை.

எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது அதே கோயிலில் இருக்கும் இன்னொரு ஓவியம். தேரில் நின்றபடி முப்புரத்து அசுரர்களை எதிர்க்கும் திரிபுராந்தகர், அதாவது போர்க்கோலத்தில் சிவன். சோழர்களுக்குப் போரைப் படமாக்கத் தெரியாமல் இல்லை, பிரம்மாண்டமாகவே வரைந்திருக்கிறார்கள். ஆனால் பெரிய கோயிலில் வரைந்தது கடவுளின் போரை. மன்னனின் போரைக் கல்லில் எழுத்தாக வெட்டினார்கள்.

புலி? அது நிஜம். செப்பேடுகளின் முத்திரையிலும் சோழர் காசுகளிலும் புலி இருக்கிறது. ஆனால் அங்கே அது உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இரண்டு மீன், ஒரு வில். பாண்டியர், சேரர் சின்னங்களையும் தன் முத்திரையில் சேர்த்துக்கொண்ட புலி அது. உறுமிப் பாய வேண்டிய தேவை அதற்கு இல்லை போல.

அப்புறம் அந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் வாரப் பத்திரிகைகளில் இருந்து. 1950-இல் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது அதற்குப் படம் வரைந்தவர் ஓவியர் மணியம். சோழ இளவரசன் என்றதும் நம் மனதில் வரும் தோற்றத்துக்கு அவருடைய தூரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. கடலைக் கொண்டுவந்தவர் சாண்டில்யன். குமுதத்தில் வந்த அவருடைய 'கடல் புறா' கடாரத்தைச் சுற்றியே போகும் கதை. நாயகன் கருணாகரன் கடல் போர் கற்றுக்கொள்வது ஒரு சீனக் கடற்கொள்ளைக்காரனிடம். நம் தாத்தா தலைமுறை அதை வாரா வாரம் காத்திருந்து படித்தது. பிறகு ஹாலிவுட் கடற்கொள்ளைப் படங்கள், இப்போது செயற்கை நுண்ணறிவு. கணினியிடம் "சோழர் கப்பல்" என்று கேட்டால், அது அதிகம் பார்த்திருக்கும் ஐரோப்பியக் கப்பலை எடுத்து ஒரு புலிக்கொடியைக் கட்டிக் கொடுத்துவிடுகிறது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கப்பலின் பின்பக்கம் மாடி மாடியாக உயர்ந்து, ஜன்னல் வைத்திருந்தால் அது ஐரோப்பிய வடிவம். ராஜேந்திரனுக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் வந்தது. பக்கவாட்டில் பீரங்கி தெரிந்தால் இன்னும் சுலபம். பீரங்கி என்ற சொல்லே பரங்கி என்ற சொல்லோடு உறவுள்ளது. பரங்கியர் இந்தியாவுக்குக் கடல் வழியாக வந்தது 1498-இல்.

அந்தக் காலத்துக்கு ஓரளவு நெருக்கமான கப்பல் படம் வேண்டுமென்றால் ஜாவாவின் போரோபுடூருக்குப் போகவேண்டும். 8, 9-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில் கப்பல்கள் இருக்கின்றன. பக்கத்தில் நீண்டு நிற்கும் மிதவைக் கட்டைகளோடு, சாய்ந்த பாய்களோடு. அவை இந்தப் பகுதி மக்களின் கப்பல்கள், சோழருடையவை இல்லை.

பேரரசரா, கொள்ளைக்காரரா?

இது யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இலங்கையின் சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூல், சோழப் படைகள் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்ததையும் விகாரைகளைச் சூறையாடியதையும் சொல்கிறது. அதே ராஜேந்திரன் காலம்தான். 1983-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ஸ்பென்சர், சோழர்களின் கடல் கடந்த போர்களில் நிலத்தை ஆள்வதைவிடச் செல்வத்தை அள்ளுவதே பெரிய நோக்கம் என்று ஒரு நூலே எழுதினார். கோபப்பட்டுப் பயனில்லை. யானையையும் நகர வாயிலையும் கொண்டுவந்ததாக மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறதே. அந்தக் காலத்தில் பல அரசர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

தென்கிழக்கு ஆசியா முழுவதையும் ஒரே நிறத்தில் சாயமடித்து "சோழப் பேரரசு" என்று போடும் வரைபடத்தை மட்டும் தயவுசெய்து பகிராதீர்கள். தாக்குதல் நடந்த மூன்றே ஆண்டில், 1028-இல், ஸ்ரீவிஜயத்தின் தூதர்கள் வழக்கம்போலச் சீனாவுக்குப் போயிருக்கிறார்கள். பின்னால் வந்த வீரராஜேந்திரன் காலத்தில் கடாரத்தை மறுபடி வென்று, உதவி கேட்டு வந்த அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சோழக் கல்வெட்டு சொல்கிறது. தொடர்ந்து தன் கையில் இருந்த நாட்டை யாரும் மறுபடி வெல்ல வேண்டியதில்லை.

மலாய் மரபும் ஒரு இந்திய வெற்றியாளரை நினைவில் வைத்திருக்கிறது. செஜாரா மெலாயுவில் வரும் ராஜா சூரான், கங்கா நெகாராவை வென்று தெமாசிக் வரை வருகிறார். சீனாவுக்கும் போவேன் என்கிறார். சீனர்கள் துருப்பிடித்த ஊசிகளையும் பல் போன கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். "கிளம்பும்போது நாங்கள் சிறுவர்கள், இந்த ஊசிகள் கை கனத்துக்கு இரும்புக் கம்பிகள்" என்கிற மாதிரி அவர்கள் கதைவிட, சீனா அவ்வளவு தூரமா என்று மன்னர் திரும்பிவிடுகிறார். சோழர் படையெடுப்பின் மங்கிய நினைவு இதில் இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. போகிற போக்கில் ஒன்று: கோலாலம்பூரின் ஜாலான் ராஜா சூலானுக்கும் சோழனுக்கும் சம்பந்தமில்லை. அது பேராக் அரச குடும்பத்து ராஜா சூலானின் பெயர்.

நம் வட்டாரத்துக் கல்

புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில், புனித அன்னம்மாள் தேவாலய வளாகத்தில், எழுத்து பொறித்த ஒரு பாறை இருக்கிறது. செரோக் தோக்குன் கல்வெட்டு என்று பெயர். ஜூலைத் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்களோ தெரியாது. 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பதிவு செய்தார். "பி.எம்.-இல் சோழர் கல்வெட்டு" என்று இதன் படமும் சுற்றுகிறது. தவறு. எழுத்தின் வடிவம் பல்லவ எழுத்து வகை. காலம் ஏறக்குறைய 5, 6-ஆம் நூற்றாண்டு. ராஜேந்திரனைவிட சுமார் 500 ஆண்டு மூத்தது.

சோழர் பெயரை ஒட்டினால் இந்தப் பாறைக்குப் பெருமை கூடுவதில்லை, வயதுதான் குறைகிறது.

வயதைக் குறைத்தால் என்ன போச்சு என்கிறீர்களா? 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி வீட்டு மனைக்காக இடிக்கப்பட்டது. தனியார் நிலம், மரபிடமாக அரசிதழில் பதிவாகவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். ஒரு இடத்தைக் காப்பாற்றச் சொல்லி வாதாடும்போது தேதி தப்பாக இருந்தால், எதிரில் இருப்பவர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

கடைசியாக, படம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று இருக்கிறது. அதே ஜேம்ஸ் லோ 1834-இல் செபராங் பிறையின் வடபகுதியில் ஒரு கல் பலகையைக் கண்டெடுத்தார். நடுவில் குடைகள் அடுக்கிய ஒரு ஸ்தூபி செதுக்கப்பட்டிருக்கிறது, சுற்றிலும் சமஸ்கிருத எழுத்து. காலம் 5-ஆம் நூற்றாண்டு வாக்கில். அதைச் செய்வித்தவர் புத்தகுப்தர் என்ற மகாநாவிகர், அதாவது பெரிய மாலுமி. ஊர் இரக்தமிருத்திகை, செம்மண் என்று பொருள். வங்காளத்தில் முர்ஷிதாபாத் பக்கம் இருந்த ஊர் என்பது பரவலான கருத்து. கல்லில் வாள் இல்லை, கப்பலும் இல்லை. பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கல் இப்போது கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்னம்மாள் தேவாலயத்துப் பாறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.