பனிச்சரிவில் பிறந்த பாதுகாப்பு



வரலாறு என்றதும் அரண்மனைகளும் போர்க்களங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஒரு குடியானவரின் மேய்ச்சல் நிலத்திற்கும் வரலாறு உண்டு. அத்தகைய நிலம் ஒன்று அமெரிக்காவின் வடகிழக்கே, வெர்மான்ட் மாநிலத்தின் உட்ஸ்டாக் என்னும் சிற்றூரை அடுத்துள்ளது. அதன் கதையையே இன்று கூற விழைகின்றேன்.

கால்களில் நீண்ட கட்டைகளைப் பூட்டிக்கொண்டு பனிமீது வழுக்கிச் செல்லும் கலை மிகப் பழையது. நார்வே முதலிய வடநாடுகளில் வேட்டைக்கும் பயணத்திற்கும் அது துணைநின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹெய்ம் என்பவர், முறுக்கிய மரநாரால் குதிகாலையும் கட்டையோடு பிணைத்தார். காலின் பிடி உறுதியாகவே, குதிப்பதும் விரைந்து திரும்புவதும் எளிதாயின. பயணக் கருவி விளையாட்டுக் கருவியாயிற்று.

ஆயினும் ஒரு தொல்லை இருந்தது. சில நிமிடம் சறுக்கி இறங்குவதற்கு நெடுநேரம் மேலேற வேண்டும். 1934ஆம் ஆண்டு ஜனவரியில், உட்ஸ்டாக்கில் கிளின்டன் கில்பர்ட் என்பவரின் பண்ணைச் சரிவில் இதற்கொரு வழி பிறந்தது. கனடாவில் முன்னரே இருந்த முறையைப் பின்பற்றி, முனைகள் பிணைந்த நீண்ட கயிறு ஒன்றை ஒரு பழைய ஃபோர்டு மோட்டார் வண்டியின் எந்திரத்தால் சுழலவிட்டனர். கயிற்றைப் பற்றியவரை அதுவே மேலே இழுத்துச் சென்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் இழுவைக் கயிறு அதுவே.

மேலேறும் உழைப்பு ஒருவகையில் காவலாகவும் இருந்தது என்பது என் கருத்து. நடந்து ஏறுபவன் பள்ளத்தையும் பாறையையும் கண்டறிவான். களைத்த கால் அவனை வீட்டிற்குத் திருப்பிவிடும். கயிறு வந்தபின் அக்காவல் நீங்கியது. பழக்கமில்லாதவரும் பலமுறை இறங்கலாயினர்.

1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மைனாட் டோல் என்னும் காப்புறுதித் தொழிலர் அம்மாநிலத்தின் ஸ்டோ மலையில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். அங்கே உதவிக்கு எவரும் இலர். தூக்கிச் செல்லக் கட்டிலும் இல்லை. நண்பர்கள் கூரைத் தகரம் ஒன்றைத் தேடிக் கொணர்ந்து, அதன்மேல் கிடத்திக் கீழே இழுத்து வந்தனர். அவர்களுள் ஒருவர் ஃபிராங்க் எட்சன். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில், பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்றில் படுகாயமுற்று அந்த எட்சன் உயிர்நீத்தார்.

தம்மைக் காத்த நண்பரைக் காக்க இயலாத துயரம் டோலை வாட்டியது. ஆயினும் அவர் சோர்ந்திருக்கவில்லை. விபத்துகளை ஆராயும் குழுவிற்குத் தலைமை ஏற்று, வினாத்தாள்களை அனுப்பினார். கோழைகள் என்று ஏளனம் செய்து விடையெழுதியவரும் உண்டு. அவர் பின்வாங்கவில்லை. 1938இல் தேசியப் பனிச்சறுக்குக் காவற்படை அவர் தலைமையில் உருவாயிற்று. முதலுதவி பயின்ற தொண்டர்களின் படை அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் உட்ஸ்டாக் சென்றிருந்தேன். அருகே 1936இல் தொடங்கப்பெற்ற சிறு சறுக்குமலை ஒன்றுண்டு. ‘தற்கொலை ஆறு’ எனப் பொருள்படும் பெயரால் நெடுங்காலம் வழங்கிய அதற்கு, 2022இல் ‘சாஸ்கடீனா சிக்ஸ்’ என்று பெயர் மாற்றினர். நான் சறுக்கவில்லை, அடிவாரத்தில் நின்று பார்த்தேன். நடுச்சரிவில் ஒரு சிறுவன் விழுந்தான். உடனே செஞ்சட்டைக் காவலர் ஒருவர் வந்தார். அவன் கிடந்த இடத்திற்குச் சற்று மேலே, தம் கட்டைகள் இரண்டையும் பெருக்கற்குறிபோலப் பனியில் நட்டார். அக்குறியைக் கண்டு, மேலிருந்து வந்தோர் விலகிச் சென்றனர். பிறகே அவர் சிறுவனிடம் குனிந்தார். சற்று நேரத்தில் மீட்புச் சறுக்குவண்டியும் வந்தது. கூரைத் தகரத்தை நான் நினைத்துக்கொண்டேன்.

1967இல் பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு பத்து நடத்தை விதிகளை வகுத்தது. வேகம் உன் ஆற்றலுக்கு உட்பட்டிருக்கட்டும். பின்னால் வருபவனே முன்னால் செல்பவனுக்கு ஊறு நேராத வழியைத் தேர்க. குறுகிய இடத்திலும் பிறர் கண்ணுக்குப் புலப்படாத இடத்திலும் நில்லாதே. விபத்து நேர்ந்தால் உதவு. இவை அவற்றுட் சில.

கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பார்கள். டோல் செய்தது அதுவன்று. தாம் பட்ட துன்பம் முன்பின் அறியாத பிறர்க்கு நேராதிருக்கப் பாடுபட்டார். மாணவர்களே, எந்த விதியையும் வெறும் தடையென்று எண்ணாதீர்கள். அதன் பின்னே யாரோ ஒருவரின் கண்ணீர் இருக்கலாம்.