நகத்தில் நிற்கும் நிறம்: மருதாணி முதல் நக வலுவூட்டி வரை

நக வலுவூட்டி என்பது நகம் பிளவுபடாமலும் ஒடியாமலும் இருப்பதற்காக அதன் மேல் பூசப்படும் நீர்மப் பூச்சாகும். கடைகளில் இது நெயில் ஸ்ட்ரென்தனர், நெயில் ஹார்ட்னர் என்னும் பெயர்களில் சிறு புட்டிகளில் கிடைக்கிறது. வீட்டிலேயே நகச்சாயம் பூசிக்கொள்வோர் சாயம் சில நாட்கள் கூடுதலாக நிற்பதற்காக விலை குறைந்த வலுவூட்டியை அடிப்பூச்சாகவும் பயன்படுத்துகின்றனர். நகத்தில் இட்ட நிறம் நிலைக்க வேண்டும் என்னும் விருப்பம் தமிழருக்குப் புதியதன்று. மருதாணியில் தொடங்கிய அந்த விருப்பம் இந்தச் சிறு புட்டி வரை வந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

சங்கரன்கோவிலும் ஆடி மாதமும்

சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தில் உள்ள ஊர். 2019ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சங்கரநாராயணர் கோவிலும், கோமதி அம்மனின் தவத்தைக் கொண்டாடும் ஆடித்தபசுத் திருவிழாவும் இவ்வூரின் அடையாளங்கள். அரியும் அரனும் ஒன்றே என்று காட்டுமாறு அம்மன் தவமிருந்ததாகத் தலபுராணம் கூறுகிறது.

திருவிழா நடைபெறும் அதே ஆடி மாதத்தில் பெண்கள் கைகளில் மருதாணி இட்டுக்கொள்வது தமிழகம் முழுவதும் உள்ள வழக்கம். இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கு, புளி அல்லது எலுமிச்சைச் சாறு, தேயிலைத் தூள் ஆகியவற்றுள் கிடைத்ததைச் சேர்த்து அம்மியில் மைபோல் அரைப்பர். உள்ளங்கை நடுவில் வட்டமாக ஒரு நிலாவும், விரல் நுனிகளில் நகத்தை மூடும்படி தொப்பியும் வைப்பது பழைய முறை. நன்றாகச் சிவந்தால் கணவருக்கோ மாமியாருக்கோ பாசம் அதிகம் என்று கேலி பேசுவதும் இதனுடன் சேர்ந்தது.

இவ்வூர் விசைத்தறி நெசவுக்கும் பூச்சந்தைக்கும் பெயர் பெற்றது. சுற்று வட்டாரங்களில் பீடி சுற்றும் தொழிலும் உண்டு. அறுந்த நூலை முடிவதும், பூத்தொடுப்பதும், பீடி சுற்றுவதும் விரல் நுனியை நம்பிய வேலைகள். இவற்றுடன் பாத்திரம் துலக்குதல், துணி துவைத்தல் ஆகிய வீட்டு வேலைகளும் சேரும்போது நகம் ஓய்வின்றித் தேய்கிறது. இத்தகைய கைகளிலும் மருதாணி நின்றது. அதற்குக் காரணம் அச்செடியில் உள்ள ஒரு வேதிப்பொருள்.

மருதாணி நிலைப்பது எப்படி?

மருதோன்றி, அழவணம் என்றும் அழைக்கப்படும் மருதாணியின் தாவரவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ். இதன் இலையில் லாசோன் என்னும் நிறமிப் பொருள் உண்டு. இலையை அரைத்துப் புளிப்புப் பொருள் சேர்க்கும்போது இது வெளிப்படுகிறது. நகமும் தோலின் மேலடுக்கும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. லாசோன் அந்தப் புரதத்துடன் பிணைந்துவிடுகிறது. தோலின் மேலடுக்கு உதிர்ந்துகொண்டே இருப்பதால் உள்ளங்கையில் இட்ட நிறம் சில வாரங்களில் மறைகிறது. நகம் உதிர்வதில்லை, வளர மட்டுமே செய்கிறது. எனவே நகத்தில் ஏறிய சிவப்பு, நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை நீடிக்கிறது.

கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகம் புதிதாக மாற 4 முதல் 6 மாதங்கள் ஆகும். அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் தம் கட்டைவிரல் நகத்தின் வளர்ச்சியை 35 ஆண்டுகள் அளந்து, வயது ஏற ஏற வளர்ச்சியின் வேகம் குறைவதைக் கண்டறிந்தார்.

தமிழ்நாட்டில் காசித்தும்பை எனப்படும் செடியிலும் லாசோனும் அதனையொத்த நிறமிகளும் உள்ளன. கொரியாவில் பெண்கள் இதன் பூவையும் இலையையும் அரைத்து நகத்தில் கட்டுவர். முதல் பனி விழும் வரை அந்த நிறம் நின்றால் முதற்காதல் கைகூடும் என்பது அங்குள்ள நம்பிக்கை.

தமிழ் இலக்கியத்தில் அலத்தகம் என்றும் செம்பஞ்சுக் குழம்பு என்றும் கூறப்படும் சிவப்புச் சாயம் மற்றொரு வகை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் ஒப்பனையில் இது இடம்பெறுகிறது. பாதத்திற்குப் பூசப்பட்ட இச்சாயம் கழுவினால் போகக்கூடியது. ஆகவே ஊறிப் பிணையும் நிறம், மேலே படியும் நிறம் என்னும் இரு வகைகளும் பழங்காலத்திலேயே இருந்தன.

புட்டியில் வந்த நிறம்

இன்றைய நகச்சாயம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் நார்தம் வாரன் என்பவர் 1911ஆம் ஆண்டு நகவோரத் தோலை மென்மையாக்கும் நீர்மம் ஒன்றைக் கியூடெக்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1917ஆம் ஆண்டு அதே பெயரில் நீர்ம நகச்சாயமும் வந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எந்த நிறுவனத்தின் நகச்சாயத்தையும் கியூடெக்ஸ் என்றே பலர் அழைப்பது இதனால்தான்.

1920களில் மோட்டார் வாகனங்களுக்கு விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணப்பூச்சு பரவியது. நகச்சாயத்திலும் படலத்தை உருவாக்கும் முதன்மைப் பொருளாக நைட்ரோசெல்லுலோஸ் அமைந்தது. 1932ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரெவ்லான் நிறுவனம் அடர்ந்த, ஒளி ஊடுருவாத நகச்சாயங்களால் புகழ்பெற்றது. இந்தியாவில் 1952ஆம் ஆண்டு டாட்டா குழுமம் லாக்மே நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் பின்னர் உள்நாட்டில் தயாரான ஒப்பனைப் பொருட்கள் படிப்படியாக நடுத்தரக் குடும்பங்களைச் சென்றடைந்தன.

புட்டியில் வந்த சாயம் எல்லா நிறங்களையும் தந்தது. சில நிமிடங்களில் உலர்ந்தது. ஆனால் மருதாணியைப் போல நிற்கவில்லை. அது நகத்தின் மேல் ஒட்டிய மெல்லிய படலம் மட்டுமே. நகம் தண்ணீரில் ஊறும்போது சற்று விரிகிறது, உலரும்போது சுருங்குகிறது. உலர்ந்த படலம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் நுனியில் பெயர்கிறது. நகமே ஏடு ஏடாகப் பிரிந்தால் சாயமும் அந்த ஏட்டுடன் போய்விடும்.

நக வலுவூட்டியின் வருகை

இக்குறையைப் போக்க 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நக வலுவூட்டிகள் வந்தன. இவை பொதுவாக இரு வகைப்படும். முதல் வகை, பிசின் அல்லது நைலான் இழைகள் கலந்த நிறமற்ற பூச்சு. இது நகத்தின் மேல் ஒரு கவசமாக அமைகிறது. இரண்டாம் வகையில் ஃபார்மால்டிஹைடு போன்ற பொருள் உண்டு. அது கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து நகத்தைக் கடினமாக்குகிறது.

கடினமும் வலிமையும் ஒன்றல்ல. பச்சைக் குச்சி வளையும். காய்ந்த குச்சி ஒடியும். ஃபார்மால்டிஹைடு கலந்த பூச்சைத் தொடர்ந்து பல மாதங்கள் பூசினால் நகம் வளையும் தன்மையை இழந்து முன்னிலும் எளிதில் ஒடியக்கூடும். ஒவ்வாமையும் ஏற்படலாம். உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகைப் பூச்சுகளில் அதன் அளவுக்கு வரம்பு விதித்ததுடன், நகவோரத் தோலை எண்ணெய் பூசிக் காக்குமாறு எச்சரிக்கையையும் அச்சிடச் செய்தது.

கால்சியம் சேர்த்தது என்னும் விளம்பரமும் பரவலாக உண்டு. நகத்தில் கால்சியம் மிகக் குறைவு. அதன் உறுதி கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகளால் வருவது.

விலை குறைந்த புட்டியைப் பயன்படுத்தும் முறை

விலை குறைவு என்பதாலேயே ஒரு வலுவூட்டி பயனற்றதாகிவிடாது. புட்டியில் உள்ள பொருட்களின் பட்டியல், உரிம எண், காலாவதி நாள் ஆகியவையே கவனிக்க வேண்டியவை. இந்தியாவில் ஒப்பனைப் பொருட்களுக்கு 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் ஒப்பனைப் பொருட்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருட்கள் விதிகளும் பொருந்தும். இவ்விவரங்கள் அச்சிடப்படாத புட்டியைத் தவிர்ப்பது நல்லது.

பூசும் முன் கைகளைக் கழுவி நன்கு உலர விட வேண்டும். நகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்தெடுக்க வேண்டும். வலுவூட்டியை ஒரு மெல்லிய பூச்சாகவும், சாயத்தை இரு மெல்லிய பூச்சுகளாகவும், நிறமற்ற மேற்பூச்சை ஒருமுறையும் இட வேண்டும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். தூரிகையை நக நுனியின் விளிம்பிலும் ஒருமுறை இழுத்துவிட்டால் தண்ணீர் உட்புகுவது குறையும். பாத்திரம் துலக்கும்போது கையுறை அணிவதும், இரவில் நகங்களில் தேங்காய் எண்ணெய் தடவுவதும் எந்தப் புட்டிக்கும் துணைநிற்கும். எரிச்சலோ வலியோ தோன்றினால் வலுவூட்டியை உடனே நிறுத்திவிட வேண்டும்.

நிறத்திற்குக் கீழே

நகம் உடல்நிலையையும் காட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைவால் நகம் வெளிறலாம், எளிதில் ஒடியலாம், கரண்டிபோல் குழியலாம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இத்தகைய நகத்திற்கு மேலே பூசும் மருந்து இல்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் போன்ற உணவுகளும், மருத்துவர் பரிந்துரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளுமே வழி. அறுவை சிகிச்சைக்கு முன் நகச்சாயத்தை அகற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நகத்தின் இயல்பான நிறத்தை மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிசன் அளவுமானியின் அளவீட்டையும் சாயம் பாதிக்கக்கூடும்.

மருதாணி நகத்தினுள் பிணைந்து நிற்கிறது. சாயம் நகத்தின் மேல் ஒட்டி நிற்கிறது. வலுவூட்டி அந்த ஒட்டுதலுக்குத் துணை செய்கிறது. மூன்றிலும் நிறம் எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பதில் நகத்தின் நிலைக்கே முதலிடம். சாயத்தை அகற்றியதும் அடுத்த நிறத்தைப் பூசாமல் ஒரு நாளேனும் வெறும் நகத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். அது இளஞ்சிவப்பாக உள்ளதா, வெளிறியுள்ளதா என்பது அப்போதுதான் தெரியும்.