கடற்காற்றாலைக்கு முன் கடற்படுகை உயிரின ஆய்வு

கடலுக்குள் காற்றாலை நிறுவுவதற்கு முன், அந்த இடத்தின் அடித்தரையில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களைக் கணக்கெடுக்கும் பணியே கடற்படுகை உயிரின ஆய்வு. மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும் பாலிகீட் புழுக்கள், சிப்பிகள், நண்டு இறால் இனத்துச் சிற்றுயிர்கள், நட்சத்திர மீன்கள், கடல் முள்ளெலிகள், பாறையைப் பற்றி வளரும் கடற்பஞ்சுகள் எல்லாம் இதில் அடங்கும். காற்றாலைத் தூணைத் தரையில் அடித்து இறக்கும் ஓசை கேட்டால் மீன் விலகிப் போய்விடும். புதைந்திருக்கும் சிப்பிக்கு அந்த வசதி இல்லை. அடித்தரை மீன்கள் பலவற்றுக்கு இவையே இரை என்பதால் மீனவருக்கும் இந்தக் கணக்கில் அக்கறை உண்டு.

உலகின் முதல் கடற்காற்றாலை 1991-இல் டென்மார்க்கின் விண்டபி கரையருகே 11 சுழலிகளுடன் இயங்கத் தொடங்கியது. படுகை ஆய்வில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அதுவல்ல. வடகடலில் 2002-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ன்ஸ் ரெவ். 80 சுழலிகள், 160 மெகாவாட். கட்டுமானத்துக்கு முன்பே அங்கே மாதிரிகள் எடுக்கப்பட்டன. அலையும் நீரோட்டமும் ஓயாமல் புரட்டிப்போடும் பருமணல் திட்டு அது, இனங்கள் குறைவு. ஒஃபீலியா பொரியாலிஸ், பிசியோனே ரெமோட்டா போன்ற, அத்தகைய மணலுக்குப் பழகிய சிறு புழுக்களே அதன் அடையாள உயிர்கள்.

மாதிரி எடுத்தல்

முதலில் பல்கற்றை எதிரொலிமானியாலும் பக்கவாட்டு சோனாராலும் தரை வரைபடமாக்கப்படும். மணல், சரளை, பாறை எங்கெங்கே என்று தெரிந்த பிறகே மாதிரி நிலையங்கள் குறிக்கப்படுகின்றன. மென்தரைக்குப் பரவலாகப் பயன்படுவது, நெதர்லாந்துப் பொறியாளர் யோஹான் வான் வீன் 1930-களில் வடிவமைத்த இரும்புத் தாடை. கம்பிவடத்தில் இறங்கி, தரையைத் தொட்டதும் கொக்கி விடுபட்டு, மேலே இழுக்கும்போது வாய் மூடி, 0.1 சதுர மீட்டர் தரையை அள்ளி வரும். சரளைத் தரையில் ஹாமன் வகைக் கருவி பொருந்தும். தாடைக்கு நடுவே ஒரு கல் சிக்கினால் மேலே வரும் வழியிலேயே மணல் கழுவிப் போயிருக்கும். அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

கப்பல் தளத்தில் அள்ளிய மண்ணை 1 மில்லிமீட்டர் சல்லடையில் அலசுவார்கள். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினால் புழுக்கள் துண்டாகிவிடும் என்பதால் தண்ணீரை மெதுவாகத்தான் விட வேண்டும். சல்லடையில் தங்கியவை ஃபார்மலினில் இடப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும். சதைப்பற்றுள்ள உயிர்கள் கண்ணுக்குத் தட்டுப்படுவதற்காக ரோஸ் பெங்கால் சாயம் சேர்ப்பதும் உண்டு. மணலுக்கிடையே அவை இளஞ்சிவப்பாகத் தெரியும். உடைந்த புழுவை எண்ணுவதற்கு ஒரே விதி: தலை இருந்தால் ஒன்று, வால் மட்டும் இருந்தால் கணக்கில்லை. பிறகு இனவாரியாகப் பிரித்து, ஒற்றி உலர்த்தி எடை பார்ப்பார்கள். கடலில் சில நாள் எடுத்த மாதிரிகளை நுண்ணோக்கியின் கீழ் பிரித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். இந்த வேலைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 16665.

இம்முறையின் குறை சாதாரணக் கணக்கிலேயே தெரிகிறது. நூறு முறை அள்ளினாலும் கிடைப்பது 10 சதுர மீட்டர் தரை. ஹார்ன்ஸ் ரெவ் போன்ற சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது இருபது லட்சத்தில் ஒரு பங்கு. பரவலாக வாழும் புழுவை இது நன்றாகவே காட்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பெரிய உயிர்களைத் தவறவிடும். அதனால் இழுவலையும் தொங்குகேமராவும் துணைக்கு வருகின்றன.

தவறவிடக் கூடாதவை சில உண்டு. சபெல்லேரியா ஸ்பினுலோசா என்னும் புழு மணல்துகள்களை ஒட்டிக் குழாய் கட்டுகிறது. குழாய்கள் செறிந்து வளரும் இடத்தில் அது திட்டாகவே எழுந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிடக் கட்டளை இத்தகைய திட்டுகளைக் காக்கச் சொல்கிறது. ஆய்வில் இது தென்பட்டால் தூணோ மின்வடமோ சற்றுத் தள்ளி இடம் மாற்றப்படும். ஆர்க்டிகா ஐலாண்டிகா என்ற நீண்ட ஆயுள் சிப்பியும் தவறவிடக் கூடாத ஒன்று. ஐஸ்லாந்துக் கடலில் 2006-இல் எடுக்கப்பட்ட ஒன்றின் வயது 507 என்று கணிக்கப்பட்டது.

ஒப்பீட்டுப் பகுதி

ஆய்வின் உயிர்நாடி ஒப்பீட்டுப் பகுதிதான். காற்றாலை வராத, அதே ஆழமும் மணலும் கொண்ட இன்னொரு பகுதியிலும் அதே காலத்தில் அதே முறையில் மாதிரி எடுக்க வேண்டும். கடல் தானாகவும் மாறும்: 1995-96 கடுங்குளிர் ஜெர்மன் வளைகுடாவின் ஆழமற்ற பகுதிகளில் படுகை உயிர்களைப் பெருமளவு அழித்தது. அப்படி ஓர் ஆண்டுக்குப் பின் தூண் நட்டிருந்தால், ஒப்பீட்டுப் பகுதி இல்லாத ஆய்வு பழியைத் தூணின்மீது போட்டிருக்கும். அடுத்த ஆண்டு மீட்சிக்குப் பெருமையையும் தூணுக்கே கொடுத்திருக்கும். ஜெர்மனி கட்டுமானத்துக்கு முன் இரண்டு முழு ஆண்டு ஆய்வைக் கேட்பது இதனால்தான். ஒரே பருவத்தில் ஒருமுறை அள்ளி முடித்த அறிக்கைகள், எத்தனை பக்கம் இருந்தாலும், அனுமதிக் கோப்புக்கு மட்டுமே உதவும்.

ஹார்ன்ஸ் ரெவ் முடிவுகளில், தூண்களுக்கு இடைப்பட்ட மணலில் காற்றாலையால் நேர்ந்த பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. தூண்களும் அவற்றைச் சுற்றிய கற்களும் மூடியது மொத்தப் பரப்பில் சுமார் 0.2 விழுக்காடு. ஆனால் அந்தக் கல்லிலும் இரும்பிலும் நீலச் சிப்பிகளும் ஜாசா எனும் குழாய்வாழ் சிற்றுயிர்களும் அடர்ந்து, பழைய மணலில் இருந்ததைவிடப் பல மடங்கு உயிர்எடை சேர்ந்தது. இதை ஆதாயம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் மணல் வாழிடம் போன இடத்தில் பாறை வாழிடம் வந்திருக்கிறது என்பதே துல்லியமான விவரிப்பு.

மன்னார் வளைகுடா

இந்தியாவில் 2024-இல் ஒன்றிய அமைச்சரவை குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு உதவ ரூ.7,453 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் பேசப்படும் கடற்பகுதி மன்னார் வளைகுடாவை ஒட்டியது. இங்கே படுகை ஆய்வு புதிதல்ல: முத்துச்சிப்பிப் பார்கள் ஏன் வெறிச்சோடின என்று கண்டறிய டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் 1902-இல் இலங்கைப் பக்கத்தை ஆராய்ந்தார். அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. வடகடலுக்கு வகுத்த நிலையப் பட்டியலை அப்படியே இங்கே இறக்க முடியாது. சங்கு, முத்துச்சிப்பி, பவளம், கடற்புல் எல்லாம் இங்கே அருகருகே உள்ளன. தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுகள் இரண்டையும் தாண்டி மாதிரி எடுக்க வேண்டும். கடல் அட்டைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், ஆய்வுக்காக ஒன்றைப் பிடிப்பதற்கும் முன் அனுமதி வேண்டும்.