கேளிக்கைப் பூங்காவின் வாயிலும் வருவோர் உடையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது தமிழ் மக்களிடை நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கோயிலுக்குச் செல்வோர் ஒருவகையாகவும், மணவீட்டிற்குச் செல்வோர் பிறிதொரு வகையாகவும், வயலுக்குச் செல்வோர் மற்றொரு வகையாகவும் உடுத்துகின்றனர். இவ்விடங்களுக்கு ஏற்ற உடை யாது என்பதை எவரும் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வழக்கமே ஆசானாக நின்று கற்பித்துவிட்டது. ஆனால், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே சென்று, இராட்டினத்தில் ஏறி, நீரில் நனைந்து, நாள் முழுதும் நடந்து களித்து மீளும் கேளிக்கைப் பூங்கா புதியதோர் இடம். அதற்கென மரபு வகுத்த உடை ஏதும் இல்லை. ஆகவே, அங்கு எதனை உடுத்துச் செல்வது என்னும் வினா சிறியதாகத் தோன்றினும், அதற்கு மேனாட்டார் கண்ட விடைகளின் வரலாறு சிறியதன்று.

அவ்வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்து, பூங்காவின் வாயிலில் நின்ற காவலன் வருவோரின் உடையைப் பார்த்து மூன்று வினாக்களைத் தொடுத்து வந்தமை புலனாகும். ‘நீ எத்தரத்தவன்?’ என்பது முதலாவது. ‘நீ மதிப்புள்ளவனாகத் தோன்றுகின்றாயா?’ என்பது இரண்டாவது. ‘நீ ஊறின்றி வீடு திரும்புவாயா?’ என்பது மூன்றாவது.

முதல் வினா எழுந்த இடம் இலண்டன் மாநகர். தேம்சு நதியின் தென்கரையில் வொக்ஸோல் என்றொரு உல்லாசத் தோட்டம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய அத்தோட்டத்தை, 1729ஆம் ஆண்டளவில் யோனதன் தையர்சு என்பார் குத்தகைக்கு எடுத்துச் சீர்திருத்தினார். நிழல் மரங்களும், இசை மண்டபமும், ஓவியங்களும், இரவில் ஒருங்கே ஏற்றப்படும் எண்ணற்ற விளக்குகளும் அதன் சிறப்புகள். 1732ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அங்கு நிகழ்ந்த பெருவிழாவுக்கு இளவரசர் பிரெடெரிக் வருகை தந்தார். ஏறத்தாழ நானூறு விருந்தினர் கூடினர். அவர்களுட் பலர் முகமூடியும் நீண்ட போர்வையங்கியும் தரித்து வந்தனர். வேறு சிலர் வழக்கறிஞரின் அங்கியை வேடமாக அணிந்திருந்தனர்.

பின்னர் அத்தோட்டம் ஒரு சிலிங் கட்டணம் செலுத்துவோர் எவருக்கும் திறந்துவிடப்பட்டது. பிரபுவும் வணிகனும், வணிகனின் கடைச் சிற்றாளும் ஒரே பாதையில் உலாவினர். சிற்றாள் தன் எசமானைப் போலவே உடுத்து வந்தபடியால், யார் பிரபு, யார் பணியாள் என்று பிரித்தறிவது அரிதாயிற்று. இதுபற்றி உயர்குடியினர் சிலர் முறையிட்டதும் உண்டு. ஆயினும் ஒரு தடை மட்டும் நீங்கவில்லை. வீட்டு வேலையாளுக்குரிய சீருடை அணிந்தோர் தோட்டத்தின் பாதைகளில் உலாவ அனுமதிக்கப்படவில்லை. எசமான் இசை கேட்டு மகிழ, சீருடைப் பணியாள் ஒதுக்கிடத்தில் காத்திருந்தான். ஒரு சிலிங் அவன் கையில் இருந்திருக்கலாம். ஆனால் அவன் உடலில் இருந்த சீருடை அவனைக் காட்டிக்கொடுத்தது. உடை என்பது அந்நாளில் ஒருவனது தரத்தை அறிவிக்கும் முத்திரையாகவே கொள்ளப்பட்டது.

வொக்ஸோல் தோட்டம் 1859ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆனால் அதன் பெயரும் புகழும் அதற்கு முன்னரே கடல் கடந்து சென்றுவிட்டன. தென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோப்பன்கேகனில் 1843ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 15ஆந் திகதி, ஜோர்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர் திறந்த பூங்காவுக்குத் தொடக்கத்தில் ‘திவொலியும் வொக்ஸோலும்’ என்றே பெயர் சூட்டப்பட்டது. திவொலி எனச் சுருங்கிய அப்பூங்கா இன்றும் நின்று நிலவுகின்றது. அங்கு 1844ஆம் ஆண்டில் சிறுவர்களைக் கொண்ட காவற்படை ஒன்று அமைக்கப்பட்டது. அரச மெய்காப்பாளரைப் போலச் செந்நிறச் சட்டையும் உயர்ந்த கரடித்தோல் தொப்பியும் அணிந்து, அச்சிறுவர்கள் வாத்தியங்களை முழக்கி அணிவகுத்துச் சென்றனர். சீருடை என்பது அங்கு இழிவின் அடையாளமாக இன்றிப் பிள்ளைகளின் பெருமிதமாக மாறியது. ஓர் உடைக்குப் பொருளைத் தருவது துணியன்று, சமுதாயமே என்பதற்கு இவ்விரு பூங்காக்களும் தக்க சான்று.

உல்லாசத் தோட்டத்தில் மக்கள் நடந்தனர், இருந்தனர், இசை கேட்டனர். எந்திரம் வந்த பின்னரே உடைக்குச் சோதனை வந்தது. அமெரிக்காவில் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் கோனித்தீவு எனப்படும் கடற்கரை உள்ளது. அங்கு 1884ஆம் ஆண்டில் லமார்க்கசு தொம்சன் என்பவர், மேடும் பள்ளமுமாகச் சரியும் தண்டவாளத்தின் மீது ஓடும் வண்டியொன்றை அமைத்தார். கட்டணம் 5 சதம். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 6 மைல் மட்டுமே. எனினும் மக்கள் திரண்டனர். 1897இல் ஜோர்ஜ் திலியு என்பவர் அதே கடற்கரையில் ‘ஸ்டீப்பிள்சேஸ்’ என்னும் பூங்காவைத் திறந்தார். இரும்புத் தண்டவாளத்தின்மேல் விரைந்தோடும் மரக்குதிரைகளே அதன் தலையாய கேளிக்கை. 1903ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கான மின்விளக்குகளுடன் லூனா பூங்காவும் அங்கு தோன்றியது.

இப்பூங்காக்களுக்கு வந்தோர் பெரும்பாலும் தொழிலாளரும், கடைப் பணிப்பெண்களும், புதிதாகக் குடியேறிய ஏழை மக்களுமாவர். ஆயினும் அவர்கள் தொழிலுடையில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று பேணிவைத்த நல்லுடையை உடுத்து வந்தனர். ஆடவர் மேற்சட்டையும், கழுத்துப்பட்டியும், வைக்கோற் றொப்பியும் தரித்தனர். பெண்டிர் நிலத்தைத் தொடும் பாவாடையும் அகன்ற தொப்பியும் அணிந்தனர். வாரத்தில் ஆறு நாள் பிறருக்கு உழைத்தவர்கள் ஒரு நாளேனும் தாமும் மதிப்புக்குரியோர் என்று உடையால் உலகுக்கு உணர்த்த விரும்பினர்.

எந்திரமோ அம்மதிப்பைப் பொருட்படுத்தவில்லை. ஸ்டீப்பிள்சேஸ் பூங்காவில் மரக்குதிரையை விட்டு இறங்கியோர் ஒரு சிறு மேடையைக் கடந்தே வெளியேற வேண்டும். அம்மேடையின் தரையிலிருந்த துளைகளினூடாகக் காற்று திடீரெனப் பீறிட்டெழும். தொப்பிகள் பறக்கும், பெண்டிரின் பாவாடை மேலெழும். எதிரே இருக்கைகளில் அமர்ந்திருந்தோர் கைகொட்டிச் சிரிப்பர். சற்று முன்னர் அம்மேடையில் நாணி நின்றவர்களே, பின்னர் அவ்விருக்கைகளில் அமர்ந்து அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தனர். இதனைச் சிலர் விடுதலை என்றனர். சிலர் பண்பற்ற செயல் என்றனர். எவ்வாறாயினும், வீட்டுக் கூடத்துக்கெனத் தைத்த உடை எந்திரத்தின் நடுவே செல்லாது என்னும் பாடத்தை மக்கள் முதன்முதலாகக் கற்றது இத்தகைய இடங்களிலேயே எனலாம்.

இரண்டாவது வினா வலுப்பெற்ற காலம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பழைய கேளிக்கைத் தலங்கள் அழுக்கடைந்து, குடும்பத்தோடு செல்வதற்குத் தகாதனவாகிவிட்டன எனக் கருதிய வால்ட் டிஸ்னி, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கு களிக்கும் தூய இடமொன்றை அமைக்க எண்ணினார். அவ்வாறு எழுந்ததே கலிபோர்னியா மாநிலத்தின் அனகைம் நகரிலுள்ள டிஸ்னிலாந்து. 1955ஆம் ஆண்டு யூலை மாதம் 17ஆந் திகதி அது திறக்கப்பட்டது. அன்று வந்த ஆடவர் பலர் கழுத்துப்பட்டியுடனும், பெண்டிர் பலர் குதியுயர்ந்த சப்பாத்துகளுடனும் காணப்பட்டனர். வெப்பமோ ஏறத்தாழ 100 பாகை பரனைற்று. புதிதாக இட்ட தார்த்தரை இளகியது; பெண்டிரின் சப்பாத்துக் குதிகள் அதனுட் புதைந்தன. குடிநீர்க் குழாய்களும் போதியனவாக இல்லை. விழாவுக்கேற்ற உடை நடைக்கும் வெயிலுக்கும் ஏற்றதன்று என்பதை அவ்வொரு நாளே உணர்த்திவிட்டது.

ஆயினும், நன்றாக உடுத்து வருவோர் யாவருக்கும் பூங்காவின் வாயில் திறந்துவிடும் என்று கொள்ளுதல் பெரும்பிழை. அக்காலத்து அமெரிக்காவில் பல கேளிக்கைப் பூங்காக்கள் கறுப்பின மக்களை அறவே அனுமதிக்கவில்லை. அவர்கள் எவ்வளவு தூய ஆடை அணிந்து வந்தாலும், வாயிற்காவலன் பார்த்தது ஆடையை அன்று, தோலின் நிறத்தையே. மார்ட்டின் லூதர் கிங் 1963ஆம் ஆண்டில் பேர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய மடலில், கேளிக்கைப் பூங்காவுக்குப் போக விரும்பிய தம் ஆறு வயது மகளிடம், அது கறுப்பினக் குழந்தைகளுக்குத் திறக்கப்படவில்லை என்று சொல்ல நேரும் தந்தையின் துயரை விளக்கியுள்ளார்.

இக்கொடுமையை எதிர்த்தோர் வாளா இருக்கவில்லை. 1960ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி, மேரிலாந்து மாநிலத்துக் கிளென் எக்கோ பூங்காவினுட் கறுப்பின மாணவர் சிலர் சென்று குதிரை இராட்டினத்தில் அமர்ந்தனர். ஐவர் கைது செய்யப்பட்டனர். அயலில் வாழ்ந்த வெள்ளையர் சிலரும் அவர்களோடு சேர்ந்து வாயிலில் மறியல் செய்தனர். அடுத்த ஆண்டிற் பூங்கா எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அம்மாணவர்மீது விதிக்கப்பட்ட தீர்ப்பை 1964இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் நீக்கியது.

பால்டிமோர் நகரையடுத்த குவின் ஓக் பூங்காவில் 1963ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, கிறித்துவக் குருமாரும் யூத குருமாரும் மறியலில் இறங்கிக் கைதாயினர். குருமார் தம் நிலைக்குரிய வெண்கழுத்துப்பட்டியை வேண்டுமென்றே அணிந்து வந்தனர். நாட்டிலே மிகுந்த மதிப்புக்குரிய உடையும் காவலரின் வண்டியில் ஏற்றப்படுவதை ஊரார் கண்டனர். அவ்வாண்டு ஆகத்து 28ஆந் திகதி அப்பூங்காவின் தடை நீங்கியது. அன்று ஒரு கறுப்பினத் தம்பதியர், இன்னும் ஒரு வயது நிறையாத தம் மகளைக் குதிரை இராட்டினத்தில் ஏற்றினர். வோஷிங்டன் நகரில் கிங் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றியதும் அதே நாளிலேயே. அவ்விராட்டினம் பின்னர் வோஷிங்டனின் நடுவேயுள்ள பெருந்திடலுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

மதிப்பைத் தோற்றத்தால் அளக்கும் வழக்கம் வேறு வடிவிலும் தொடர்ந்தது. 1960களில் டிஸ்னிலாந்தின் வாயிலில் நீண்ட தலைமயிர் வைத்த இளைஞர் திருப்பி அனுப்பப்பட்டதுண்டு. 1970ஆம் ஆண்டு ஆகத்து 6ஆந் திகதி அத்தகைய இளைஞர் சில நூற்றுவர் திரண்டு புகுந்து ஆர்ப்பரித்தமையால், அன்று பூங்கா குறித்த நேரத்துக்கு முன்னரே மூடப்பட்டது. பூங்காவின் பணியாளருக்கோ கட்டுப்பாடு இன்னும் கடுமையாயிருந்தது. நிறுவனர் டிஸ்னி மீசை வைத்திருந்தார்; அவரது பணியாளர் மீசை வைக்க 2000ஆம் ஆண்டு வரையும், தாடி வைக்க 2012ஆம் ஆண்டு வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறையினர் ஒழுங்கின்மை எனக் கடிந்ததை அடுத்த தலைமுறையினர் இயல்பெனக் கொள்வது உலக வழக்கு.

இன்று மேலோங்கி நிற்பது மூன்றாவது வினா. எந்திரங்களின் வேகம் பன்மடங்கு பெருகிவிட்டது. ஆகவே, நிலத்தில் இழுபடும் உடை பல பூங்காக்களில் அனுமதிக்கப்படுவதில்லை. காற்றிற் பறக்கும் சால்வையும், அவிழ்ந்த கூந்தலும், கழன்று விழும் செருப்பும் சுழலும் உறுப்புகளிற் சிக்கின் உயிருக்கே ஊறு நேரும். நீர்ச்சறுக்குகளில் உலோகப் பொத்தான் வைத்த காற்சட்டைக்குத் தடையுண்டு. அது சறுக்கையும் கீறும், பின்வருவோர் உடலையும் காயப்படுத்தும். டிஸ்னி பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனோர் பொதுவாக வேடவுடை அணிதல் ஆகாது. அங்கு வேடந்தரித்து உலாவும் பணியாளரென்று பிள்ளைகள் மயங்கக்கூடும்.

எனினும் காப்பு என்னும் நல்ல காரணமும் கவனமின்றிக் கையாளப்படின் மனத்தைப் புண்படுத்தும். 2011ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளன்று, நியூயோர்க் மாநிலத்து ரை நகரிலுள்ள பிளேலண்ட் பூங்காவுக்கு இசுலாமியக் குடும்பங்கள் பெருந்திரளாகச் சென்றன. சில எந்திரங்களில் தலைக்கு எதனையும் அணிந்து ஏறலாகாது என்னும் விதியால், முக்காடிட்ட பெண்டிர் தடுக்கப்பட்டனர். வாக்குவாதம் கைகலப்பாகிப் பதினைவர் கைது செய்யப்பட்டனர். விதியை ஏற்பாட்டாளருக்கு முன்னரே அறிவித்ததாக அதிகாரிகள் கூறினர். வந்தோருட் பலருக்கு அது வாயிலுக்குள் வந்த பின்னரே தெரிந்தது. பெருநாட் களிப்பு கண்ணீராக முடிந்தது. விதி நேர்மையானதாயின், அதன் காரணத்தை வருவோர் யாவரும் வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே அறியச் செய்தல் பூங்காவின் கடமையாகும்.

வருவோருக்கும் கடமை உண்டு. பூங்காவின் விதிகளை முன்னரே கேட்டறிதல் வேண்டும். நாள் முழுதும் நடப்பதற்கேற்ற, காலைக் கவ்வி நிற்கும் சப்பாத்து வேண்டும். வியர்வையை உறிஞ்சும் பருத்தியாடையும், வெயிலுக்குத் தொப்பியும், நனைந்த பிள்ளைகளுக்கு மாற்றுடையும் வேண்டும். சேலையுடுத்துச் செல்லும் தாய்மார் முந்தானையைச் செருகி ஊசியாற் பொருத்திக்கொள்ளல் நன்று. சுழலும் எந்திரத்தில் ஏறாதிருத்தல் அதனினும் நன்று. கூந்தலை முடிந்து, தொங்கும் அணிகலன்களை வீட்டிலேயே விட்டுச் செல்லுதல் அறிவுடைமை. அயலில் நிற்கும் குடும்பத்தினர் முகஞ்சுளிக்கும் சொற்களோ படங்களோ பொறித்த சட்டையைத் தவிர்த்தல் பண்புடைமை.

உடலுக்கு ஊறு வாராமை, பிறர் உள்ளத்துக்கு ஊறு செய்யாமை ஆகிய இரண்டுமே இத்தகைய இடத்துக்கு ஏற்ற உடையின் இலக்கணம். அதற்கு அப்பால், ஒருவரது செல்வத்தையோ, குலத்தையோ, நிறத்தையோ, சமயத்தையோ உடையின் வாயிலாக அளந்து பார்ப்பது எந்த வாயிற்காவலனுக்கும் உரிய வேலையன்று. வொக்ஸோலின் ஒதுக்கிடத்திற் காத்துநின்ற சீருடைப் பணியாள் முதல் குவின் ஓக்கின் இராட்டினத்தில் ஏறிய குழந்தை வரை, இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே.