திரைக்கு முதல் விலை கொடுத்த நங்கை

பூவார், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புற ஊர்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், அந்தி விளக்கேற்றியதும் தொலைக்காட்சித் தொடர்கள் தொடங்கிவிடுகின்றன. 1999-ஆம் ஆண்டில் 'சித்தி' தொடர் தொடங்கிய காலத்தில், அதில் நடித்த ராதிகாவைத் தம் வீட்டுப் பெண்ணாகக் கருதாத தாய்மார் அரியர். இன்று நடிகையர்க்குக் கிடைக்கும் இம்மதிப்பு எளிதில் வந்ததன்று. அதற்கு முதல் விலை கொடுத்தவருள் ஒருவரின் வரலாறு நம் ஊர்களை ஒட்டியே நிகழ்ந்தது. அவரே பி. கே. ரோசி.

அகத்தீசுவரத்துத் தமிழ்க் குடும்பத்தில் 1900-ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. டேனியல், தம் நிலத்தை விற்ற பொருளைக் கொண்டு திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் எடுத்த 'விகதகுமாரன்' என்னும் பேசாப்படமே மலையாளத் திரையுலகின் முதற் படமாகும். அது திரையிடப்பட்ட ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர்.

நற்குடிப் பெண்டிர் நடிக்க முன்வாராத காலம் அது. நாடகங்களில் ஆடவரே பெண் வேடம் பூண்டனர். அந்நிலையில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் கக்காரிசி நாடகத்தில் பயின்றிருந்த ரோசியை டேனியல் கதாநாயகி ஆக்கினார். ரோசி புலையர் வகுப்பிற் பிறந்தவர். படத்தில் ஏற்றதோ சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணின் வேடம். அக்காலத்துச் சாதிச் செருக்கு இதனைப் பொறுக்கவில்லை.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டபோது, தாம் நடித்த படத்தைத் தாமே காண ரோசிக்கு இடமில்லாது போயிற்று. வெள்ளித்திரை மீது கல்லெறிந்தனர். அவர் குடிசைக்கும் தீயிட்டனர் என்பர். உயிர் தப்பி லாரி ஒன்றில் ஏறி நாகர்கோவிலை அடைந்த அவர், லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்ற பெயருடன் வாழ்ந்தார். மீண்டும் அவர் நடிக்கவேயில்லை. ஒரே படத்துடன் முடிந்தது அவர்தம் கலை வாழ்வு.

டேனியலும் பொருளிழந்து, 1975-இல் அகத்தீசுவரத்தில் காலமானார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அக்கோடு காரணமாகவே டேனியலுக்குக் கேரள அரசின் உதவித்தொகை கிட்டவில்லை என்பர். பின்னர் அதே அரசு அவர் பெயரால் 1992 முதல் விருது வழங்கி வருகிறது. ரோசியின் பெயரில் மலையாளத் திரைப் பெண்கள் 2019-இல் திரைப்படக் கழகம் ஒன்றை அமைத்தனர். அவர் வரலாற்றையும் உட்கொண்ட 'செல்லுலாய்டு' 2013-இல் வெளிவந்தது. புகழ் வந்தது, ஆனால் உரியவர் கண்டு மகிழ வரவில்லை.

அன்பர்களே! நம் சங்க ஆண்டு விழா மேடையிலும் பெண்மக்கள் நாடகம் நடிக்கின்றனர். அதனைக் கண்டு முகஞ்சுளிப்பார் இன்றும் சிலர் நம்மிடையே உளர். அவர்கட்கு யாம் வேண்டுவது ஒன்றே. கல்லெறிந்தோர் பெயரை இன்று எவரும் அறியார். ரோசியின் பெயரையோ நாடு அறியும். மேடையேறும் நம் செல்வியரைக் கைதட்டி வாழ்த்துவோம். ராஜம்மாளாய் மறைந்து வாழ்ந்த அந்நங்கைக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.